கனம் பார்த்து வாங்கிய டிவிடி ரைட்டர்

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஏரிக்காற்று பேச்சில் பாதியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஓரத்துப் பிள்ளைக்கும் இடம் விடுங்கள். தோணிரேவு ஊர் அமுதவல்லி டிவிடி ரைட்டர் வாங்கின கதையைச் சொல்கிறேன். இதில் ராஜாவும் இல்லை, பேயும் இல்லை. நாற்றம்தான் உண்டு. குமட்டினால் குமட்டட்டும், பாதியில் மட்டும் எழுந்து போகாதீர்கள்.

அமுதவல்லி நண்டு விற்கிறவள். காலை ஏழு மணிக்குப் பழவேற்காடு மார்க்கெட்டில் கூடையை இறக்கினால் பத்து மணிக்குள் காலியாகிவிடும். தராசை அப்புறம்தான் தொடுவாள். நண்டை உள்ளங்கையில் வைத்து ஒரு ஏந்து ஏந்தினாலே அவளுக்குத் தெரியும், உள்ளே சதையா தண்ணீரா என்று. கனமாக இருந்தால் சதை, லேசாக இருந்தால் சக்கை. இருபத்தைந்து வருஷமாக அந்தக் கை அவளை ஏமாற்றியதில்லை.

அவள் புருஷன் பூபதி ஏரியில் வலை கட்டுகிறவன். அந்த ஊரில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை ஊர் கூடி, பெயர் எழுதின சீட்டுகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பன்னிரண்டு நாள் காத்திருந்தால் ஒரு நாள் நம் பாடு வரும். அந்த ஒரு நாள் மீனில்தான் அடுத்த பன்னிரண்டு நாளும் அடுப்பு எரியும்.

அந்தத் தை மாசத்தில் பூபதியின் பாடு இரண்டு முறை செத்த மீனாக வந்தது. மூன்றாவது முறை வலையைத் தூக்கியபோது மடவை மீன் எல்லாம் கண் வெளுத்து, செதிளில் சளி பிடித்து, தொட்டால் விரலோடு சதை வந்தது. நண்டுகள் மல்லாந்து கிடந்தன. கரையில் கொட்டினார்கள். காக்கை வந்து ஒரு கொத்து கொத்தியது, அலகை மணலில் தேய்த்தது, பறந்துபோனது. அதன்பின் ஒரு காக்கையும் இறங்கவில்லை.

"காக்காவே வேணான்னு போவுது பாரு! த்தூ!" என்றாள் அமுதவல்லி. மூன்று நாள் சிகைக்காய் போட்டுக் கழுவினாள். நகக்கண்ணில் அந்த வாடை போகவில்லை. டீ கிளாஸைத் தூக்கினால் டீயில் வந்தது. தலைமுடியைக் கோதினால் தலையில் வந்தது.

நாற்றத்தைவிட மோசமான ஒன்று பின்னாலேயே வந்தது. பூபதியே தண்ணீரில் மருந்து கலந்து மீன் பிடித்தான் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. மருந்து போட்டவன் சீட்டு குடத்தில் விழாது. அப்பன் செய்தாலும் மகன் செய்தாலும் அந்த ஊரில் அதுதான் சட்டம். சீட்டுக் குலுக்க இன்னும் பதினாறு நாள்தான் இருந்தது.

பூபதியிடம் ஒரு சாட்சி இருந்தது. இரண்டு முறை நாறிப்போனதால் மூன்றாவது முறை மகள் வித்யாவின் போனை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போயிருந்தான். பொழுது விடிகிற நேரம், ஏரிக்கரை இறால் பண்ணையின் மதகைத் திறந்து வெள்ளை நுரையாகத் தண்ணீரை ஏரிக்குள் விட்டார்கள். தோணியில் இருந்தபடியே அதைப் படம் பிடித்துவிட்டான்.

ஊர்த் தலைவர் ஆதிநாராயணன் போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இத்த வெச்சிகினு இன்னாடா பண்றது? தீப்பெட்டி அளவு கீது. ஆளாளுக்குக் கைல வாங்கிப் பாத்தா ஒருத்தன் நொரைம்பான், ஒருத்தன் வெயிலும்பான். நம்ம பொது டிவி கீது, டிவிடி பிளேயரு கீது. டிவிடி தட்டுல போட்டு எத்தாந்துடு. ஊரே ஒன்னா குந்தி ஒரே நேரத்துல பாக்கட்டும். யாரும் அப்பால பேச்சு மாத்த முடியாது."

நியாயமான பேச்சுதான்.

அமுதவல்லியின் தம்பி கோதண்டம் முன்வந்தான். நாலு வீடு தள்ளித்தான் குடியிருக்கிறான். அவனுக்கும் ஊரில் ஒரு பாடு உண்டு. பெண்டாட்டி எல்லம்மா சமைத்தாலும் ஒரு வேளைச் சோறு அக்கா வீட்டில் தின்றால்தான் அவனுக்குத் தின்ற மாதிரி இருக்கும். "குடு மாமா, நான் பொன்னேரி போய் ஸ்டுடியோல போட்டுகினு வரேன்" என்று போனை வாங்கிக்கொண்டு வண்டியில் போனான், தட்டோடு வந்தான்.

ஊர் கூடியது. தட்டு சுற்றியது. ஏரி வந்தது, தோணி முனை வந்தது, தூரத்தில் மதகு வந்தது. அதோடு நின்றுவிட்டது. மறுபடி போட்டார்கள். அதே இடத்தில் நின்றது. நுரையும் இல்லை, தண்ணீரும் இல்லை.

பின்வரிசையில் ஒருத்தன், "ஏரி நல்லாத்தாம்பா கீது. டூருக்கு வரவங்களுக்கு வித்தா வாங்கிக்குவான்" என்றான். சிரிப்பு அலை அலையாக வந்தது. பூபதி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அமுதவல்லிக்கு அந்தச் சிரிப்பு முகத்தில் எச்சிலாக வழிந்தது போல இருந்தது.

ஆதிநாராயணன், "சீட்டு போடற அன்னிக்கு வரைக்கும் டைம். அதுக்கு மேல நானும் ஒன்னும் பண்ண முடியாது" என்று எழுந்துவிட்டார்.

வீட்டில் வித்யா சொன்னாள்: "மா, நாமளே எழுதிடலாம். எவன் கைலயும் குடுக்க வேணாம். நம்ம கம்ப்யூட்டர்ல தட்டு எழுதற ரைட்டரு ஒன்னுதான் கெட்டுப் பூடுச்சு. உப்புக் காத்துல கண்ணாடி மங்கிடுச்சு. புதுசு ஒன்னு வாங்கினா போதும்."

மீஞ்சூர் கம்பெனியில் வேலை செய்கிற பெண் அவள். ஒரு வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்தக் கம்ப்யூட்டரை வாங்கியிருந்தாள். ஏரிக்காற்றுக்குப் பயந்து அதற்கு இரண்டு நைட்டித் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். வித்யாவுக்கு அந்த வாரம் லீவு கிடைக்கவில்லை, வேலை முடிந்தால் கம்பெனி வண்டியில் நேரே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அதனால் அமுதவல்லியும் கோதண்டமும் மீஞ்சூர் போனார்கள்.

கடைக்காரன் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். இரண்டும் கறுப்பு, இரண்டும் செங்கல் அளவு. ஒன்றை ஆறு மாச கேரண்டி என்றான், இன்னொன்றை ஒரு வருஷ கேரண்டி என்றான். அப்புறம் இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னான். அமுதவல்லிக்கு அவன் வாயசைவுதான் தெரிந்தது.

"அக்கா, அவன் சொல்றத வுடு. கைல ஏந்திப் பாரு. உன் கைக்குத் தெரியாததா?" என்றான் கோதண்டம்.

அவள் இரண்டையும் உள்ளங்கையில் ஏந்தினாள். ஒன்று லேசு. இன்னொன்று, அம்மாடி, நல்ல சினை நண்டு மாதிரி இறங்கியது.

"இதுல சதை கீது" என்றாள்.

"அதான் பாத்தேன். அத்தயே கட்டச் சொல்லு" என்றான் தம்பி.

அன்று சாயங்காலம் வித்யா பெட்டியைப் பொருத்தினாள். முதல் தட்டைப் போட்டாள். பெட்டி உறுமியது, இருமியது, பல்லைக் கடித்தது, தட்டை வெளியே துப்பியது. திருப்பிப் போட்டால் ஒன்றும் இல்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் கட்டம் கட்டமாகப் பச்சை நிறம் வந்தது. நாலாவது தட்டு சூடேறி ஒரு வாடை அடித்தது.

"இன்னாடி இது, பிளாஸ்டிக்கு தீயிற மாதிரி?"

வித்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஸ்குரூ டிரைவரை எடுத்தாள், நாலு திருகையும் கழற்றினாள், மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு சின்ன இயந்திரம் பழசாகத் தூசி பிடித்துக் கிடந்தது. அதன் பக்கத்தில், ஒரு வேலையும் இல்லாமல், ஒரு இரும்புப் பட்டை. மஞ்சள் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பசையில் யாருடைய தலைமுடியோ சிக்கியிருந்தது.

"கனத்துக்காக வெச்சிருக்கான்மா. பழைய மெஷினுக்குப் புது ஸ்டிக்கரு ஒட்டிட்டு, கைல ஏந்தினா கனமா இருக்கணும்னு இரும்ப வெச்சிருக்கான்."

அமுதவல்லி அந்தப் பட்டையைப் பெயர்த்து எடுத்தாள். பசை விரலில் ஒட்டிக்கொண்டு நூலாக இழுத்தது. கடைக்காரனை வாய்நிறையத் திட்ட நினைத்தாள். அதற்குள் தன் நண்டுக் கூடை நினைவுக்கு வந்தது. நண்டின் கொடுக்கைக் கட்டும்போது சணலைத் தண்ணீரில் நனைத்து நாலு சுற்று கூடுதலாகச் சுற்றினால் எடை ஏறும். மார்க்கெட்டில் எல்லோரும் செய்வது. அவளும் செய்திருக்கிறாள். வாங்கிப் போகிற வீட்டுக்காரி அடுப்படியில் அந்த ஈரச் சணலை அவிழ்க்கும்போது இப்படித்தானே முகம் சுளித்திருப்பாள்? விரலை மண்ணில் தேய்த்தாள், சுவரில் தேய்த்தாள். பசை போகவில்லை. தன் கைமேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் நண்டு வாங்க வந்த ஜொஹராவிடம் அதைச் சொல்லி அழாத குறைதான். ஜொஹரா பழவேற்காடு பஜாரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள். கலியாணப் பத்திரிகை முதல் கோர்ட்டு மனு வரை அவள் விரலைத் தாண்டித்தான் போகும்.

"அமுதா, உனக்கு கிறுக்கா? ரைட்டர போய் கனம் பாத்து வாங்குவாங்களா?" என்று ஜொஹரா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நண்டு அப்படித்தானேக்கா வாங்கறோம்?"

"நண்ட நீ தின்னுதான பாப்ப? இதையும் தின்னு பாக்கணும். கடையிலயே எழுதிக் காட்டச் சொல்லு. வேகமா ஓட்டி எழுதினா தட்டு ஓரத்துல எழுத்து விட்டுடும், மெதுவா எழுதச் சொல்லு. எழுதின தட்ட அதே மெஷின்ல போட்டுக் காட்டுவான், ஏமாந்துடாத. வேற பிளேயர்ல, டிவில போட்டு முதல்லேந்து கடைசி வரைக்கும் பாரு. ஒரு இடத்துலகூட திக்கக் கூடாது. கம்பெனி பேரு, கேரண்டி எல்லாம் அப்புறம். எங்க கடைல ஆறு வருஷமா ஓடுற ரைட்டர நான் அப்படிப் பாத்துதான் வாங்கினேன்."

"நீயும் வாயேன்க்கா."

"இந்த நண்ட சுத்தம் பண்ணிக் குடு, வரேன்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பெண்களும் போனார்கள், வேறு கடைக்கு. வித்யா போனிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்தாள். ஜொஹரா சொன்னபடியெல்லாம் அந்தக் கடைக்காரர் செய்தார். மெதுவாக எழுதப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. பெட்டி உறுமவில்லை, துப்பவில்லை. வேலை தெரிந்தவன் வாய் பேசாமல் வேலை செய்கிற மாதிரி செய்து முடித்தது. தட்டை எடுத்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியோடு சேர்ந்த பிளேயரில் போட்டார்.

ஏரி வந்தது. தோணி முனை வந்தது. மதகு வந்தது. நிற்கவில்லை. மதகின் மேல் ஒரு ஆள் சக்கரத்தைச் சுற்றினான். நுரை பொங்கி விழுந்தது. வெள்ளை வெள்ளையாக, அழுக்கு அழுக்காக. திறந்து முடித்த ஆள் நிமிர்ந்தான். வலது காலைத் தூக்கி இடது முட்டியில் பாதத்தை ஊன்றிக்கொண்டு, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்று நுரையை வேடிக்கை பார்த்தான்.

முகம் தெரியவில்லை. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஒன்பது வயதில் ஆடுசதையில் திருக்கை மீன் முள் குத்தி, நாலு மாசம் காலை ஊன்ற முடியாமல் நின்ற பிள்ளை, ஆறின பிறகும் அந்த நிற்பை விடவில்லை. அந்தக் காலுக்கு மஞ்சள் அரைத்துக் கட்டின அக்கா அமுதவல்லிதான். போனில் தீக்குச்சி அளவு தெரிந்தவன் இங்கே முழங்கை நீளத்துக்கு நின்றான்.

"மா..." என்றாள் வித்யா.

"வாய மூடு."

ஜொஹரா இருவர் முகத்தையும் பார்த்தாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றாள்.

"இன்னாம்மா, வேணுமா வேணாமா?" என்றார் கடைக்காரர்.

"குடு. நல்லா எழுதுது" என்றாள் அமுதவல்லி.

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு ஒவ்வொன்றாக மேலே வந்தது, செத்த மீன் மிதந்து வருகிற மாதிரி. பண்ணையில் வேலை கிடைத்திருக்கிறது, லோடு ஏற்றுகிற வேலை என்று சொன்னானே. பொன்னேரிக்குத் தானே போகிறேன் என்று ஓடினானே. கரையில் செத்த மீனைக் கொட்டினபோது மாமாவின் தோளில் கை வைத்து, "எவன் பண்ணானோ அவன் கை அழுவிப் பூடும் மாமா" என்று சொன்னானே! அதை நினைத்தபோது ஜன்னல் பக்கம் தலையை நீட்டி வாந்தி எடுத்தாள்.

புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் பூபதி அரிவாளை எடுப்பான், அல்லது அதைவிட மோசமாக, "போனா போவட்டும், உன் தம்பிதான" என்று தலையைக் குனிந்துகொள்வான். இரண்டையும் அவளால் பார்க்க முடியாது.

கோதண்டம் வழக்கம்போல மத்தியானம் வந்தான். நண்டுக் குழம்பு. சப்பணம் போட்டு உட்கார்ந்து, கொடுக்கைக் கடித்து உறிஞ்சினான். மசாலா முழங்கை வரை வழிந்தது. அதையும் நக்கினான். அமுதவல்லி பரிமாறின கையோடு நின்று அந்த வாயையே பார்த்தாள்.

"இன்னாக்கா அப்படிப் பாக்கற? புது ரைட்டரு எழுதுச்சா?"

"எழுதிச்சு. கடைசி வரைக்கும்."

கோதண்டம் மெல்லுவதை நிறுத்தினான்.

"ஒத்தக் கால்ல நல்லாதான் நிக்கற" என்றாள்.

அவன் சோற்றுத் தட்டைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். அப்புறம் குரலை இறக்கிப் பேச ஆரம்பித்தான். "அக்கா, மொதலாளி தொறன்னான், தொறந்தேன். அதுல இவ்ளோ மருந்து கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்? நான் தொறக்கலேன்னா வேற எவனாச்சும் தொறந்திருப்பான்."

"தொறந்தது சரி. வயித்துக்குத் தொறந்தே. உன் மாமா பேர்ல பழி வந்துச்சே, அன்னிக்கு இன்னா பண்ண? ஸ்டுடியோல இன்னாடா சொன்ன?"

"...இவ்ளோ போதும், நறுக்குன்னு சொன்னேன்."

"அந்த இரும்பு வெச்ச பொட்டி?"

"அது சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. எழுதாம போனா நல்லதுன்னு நெனச்சேன், அவ்ளோதான்."

"அவ்ளோதான்" என்று அவளும் சொன்னாள்.

"அக்கா, வித்யாண்ட சொல்லு. கம்ப்யூட்டர்ல நறுக்கலாமாம். நொரை வரைக்கும் இருக்கட்டும், நான் நிக்கற எடத்த மட்டும் எடுத்துடு. மாமாவுக்கும் பழி போயிடும், எனக்கும் சீட்டு நிக்கும். ரெண்டு பேரும் பொழச்சிக்கலாம். நம்ம வூட்டுக்குள்ள முடிச்சிக்கலாமே?"

சொல்லிவிட்டு, கையில் மிச்சம் இருந்த கொடுக்கை எடுத்து மறுபடி உறிஞ்சினான். பாதி தின்றதை விட மனசு வரவில்லை.

அமுதவல்லி பதில் சொல்லவில்லை. அக்கா பேசாமல் இருந்தால் சம்மதம் என்று சின்ன வயசிலிருந்து பழக்கப்பட்டவன் அவன். கை கழுவிக்கொண்டு போனான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். அவள் பரிமாறினாள்.

உள்ளே அவள் படாத பாடு பட்டாள், கண்ணுங்களா. நறுக்குவது சுலபம் என்று வித்யா சொல்லியிருந்தாள். பெட்டி வீட்டில் இருக்கிறது, தட்டு இருக்கிறது. நறுக்கினால் யாருக்கும் தெரியாது. ஆனால் நறுக்கின இடத்தில் தட்டு ஒரு குதி குதிக்கும் என்றும் வித்யா சொல்லியிருந்தாள். ஏற்கெனவே பாதியில் நின்ற தட்டைப் பார்த்துச் சிரித்த ஊர் அது. மறுபடி குதித்தால் பூபதி எந்த முகத்தோடு குடத்தின் பக்கம் போவான்?

"நறுக்கட்டுமாம்மா?" என்று வித்யா மூன்று முறை கேட்டாள்.

"முழுசா எழுது. மெதுவா எழுது" என்றாள் மூன்றாவது முறை.

சீட்டுப் போடுகிற அன்று மத்தியானம் சமுதாயக் கூடத்தில் ஊர் கூடியது. குடம் மஞ்சள் பூசி நடுவில் இருந்தது. ஆண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அமுதவல்லி தட்டோடு பிளேயர் பக்கம் நடந்தாள்.

"பொம்பளைங்க பின்னால நில்லுங்கம்மா. பூபதி போடட்டும்" என்றார் ஆதிநாராயணன்.

"இது என் வூட்ல எழுதினது. நான்தான் போடுவேன்" என்று போட்டாள்.

ஏரி, தோணி முனை, மதகு. போன தடவை சிரித்தவன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். சக்கரம் சுற்றியது. நுரை விழுந்தது. பூபதி தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்தபடி பார்த்தான். நுரை ஏரிக்குள் பரவியது. மதகின் மேல் இருந்தவன் ஒற்றைக் காலைத் தூக்கினான்.

"யாரு அது?" என்றார் ஆதிநாராயணன். "யாரோ நம்ம ஆளு மாதிரி..."

"தேடாதீங்க" என்றாள் அமுதவல்லி. "என் தம்பி. கோதண்டம்."

ஊரே திரும்பியது. கோதண்டம் தூணோரம் நின்றிருந்தான். டிவியில் நின்றது போலவே, வலது பாதத்தை இடது முட்டியில் ஊன்றிக்கொண்டு. அத்தனை கண்ணும் தன்மேல் விழுந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. காலை மெல்ல இறக்கித் தரையில் வைத்தான்.

"உனக்கு எப்பத்திலேந்து தெரியும்மா?" என்றார் தலைவர்.

"ஆறு நாளா."

"ஆறு நாளும் சோறு போட்டியா?"

"போட்டேன். அவன் தின்னான். எனக்குத்தான் தொண்டைல எறங்கல."

பூபதியின் சீட்டு குடத்தில் விழுந்தது. பழி சுமந்த வீட்டைக் கேட்டுத்தான் தப்பு செய்தவனுக்குத் தண்டனை சொல்ல வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ஒரு வருஷம் தள்ளி வைப்பதா, மூணு வருஷமா, ஆயுசுக்குமா என்று தலைவர் கேட்டார். பூபதி மச்சானைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான்.

அவள்தான் சொன்னாள். "அவன் பேர எடுத்துடுங்க. எல்லம்மா பேர்ல போடுங்க."

"பொம்பளைக்குப் பாடா? எந்தக் காலத்துல?" என்று இரண்டு மூன்று குரல் எழுந்தது.

"ஆள வெச்சி வலை கட்டிக்குவா. மருந்துத் தண்ணியத் தொறந்து வுட மாட்டா. அவ பசங்க இன்னா பண்ணுச்சு, பட்டினி கெடக்க?"

ஆதிநாராயணன் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பெண் பெயரை எழுத அவருக்குக் கை வரவில்லை. கடைசியில் சீட்டில் 'கோதண்டம்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'எல்லம்மா வீடு' என்று எழுதிச் சுருட்டிக் குடத்தில் போட்டார். அவன் மூன்று வருஷம் தோணியில் கால் வைக்கக் கூடாது என்றார்.

சாயங்காலம் கோதண்டம் அமுதவல்லி வீட்டு வாசலில் வந்து நின்றான். இரண்டு காலையும் ஊன்றி நின்றான்.

"அக்கா, பசிக்குது" என்றான்.

நாற்பது வருஷத்தில் அவனுக்குச் சொல்லாத ஒன்றை அன்றைக்கு அவள் சொன்னாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"சோறு தீந்துபோச்சு."

சட்டி நிறைய இருந்தது.

அவ்வளவுதான் கண்ணுங்களா. நேரமாகிவிட்டது, எழுந்து போய்ச் சாப்பிடுங்கள். உங்கள் வீட்டு வலையில் உயிருள்ள மீன் துள்ளட்டும். உங்கள் பிள்ளைகள் கை பட்ட பொருள் கடைசி வரை திக்காமல் ஓடட்டும். சட்டி நிறையச் சோறு இருக்கும்போது, வாசலில் நிற்கிற உங்கள் ரத்தத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லவேண்டிய நாள் உங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வராமல் இருக்கட்டும்.